பாதியில் நின்ற படம்

சேராப்பட்டு, கல்வராயன் மலை
27.10.2025

டென்னிசுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். அம்மாவும் நன்றாக இருப்பதாகப் போன வாரம் மலைக்கு வந்த சிஸ்டர் சொன்னார்.

என் போன் போய்விட்டது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தேன். திரும்பும்போது மழைத் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மருந்துப் பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். போன் இருந்த தோள்பை தண்ணீரோடு போனது. மருந்து நனையவில்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள். நர்சு வேலையில் இப்படிப் பாராட்டு கிடைப்பது அபூர்வம். நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போனுக்காக அழவில்லை. அதில் இருந்த ஒன்றுக்காக அழுதேன். அது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

எல்லோர் போன் படங்களையும் சேர்த்து வைக்கிற உன் பெட்டியில் என்னுடையது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? போன கிறிஸ்துமஸ் அன்று அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "என்னுது எல்லாத்தையும் அழிச்சித் தொலை" என்று கத்தியவள் நான்தான். என் கண் முன்னாலேயே நீ அழித்தாய். தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். இப்படிக் கேட்க எனக்கு எவ்வளவு மனசு வர வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

பதிலைத் தபாலில் போடு. யார் போனுக்காவது கூப்பிட்டு என்னைக் கொடுக்கச் சொல்லாதே. பேசினால் கத்துவேன். எழுதும்போது அவ்வளவு கத்த முடியாது, கை வலிக்கும்.

லிடியா


நைனார்பாளையம்
1.11.2025

அக்கா,

உன் கையெழுத்தோடு தபால்காரர் வந்து நின்றதும் அம்மா கண்ணில் படாமல் உறையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். வக்கீல் நோட்டீஸ் என்றே நினைத்தேன். உறையைப் பிரித்துப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

முதலில் பதில். உன் பெயரில் போட்டிருந்த ஃபோல்டர் இல்லை. பெட்டியைத் துணியில் சுற்றிக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப்போய், நான் வேலை பார்க்கும் பம்புசெட் கடைக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்காரர் முனியனிடம் கொடுத்தேன். அழித்ததை மீட்கிற சாஃப்ட்வேரை நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார். "அழிச்சதோட வுட்டிருந்தா ஒருவேளை கெடைச்சிருக்கும். அந்த எடத்துல அப்புறமா இன்னா இன்னாத்தையோ ஏத்திட்டீங்களே" என்றார். என்னத்தை ஏற்றினேன் என்று பார்த்தால் எல்லாம் பாப்பா வீடியோ. பாப்பா கொட்டாவி விட்டது, பாப்பா கவிழ்ந்தது, கவிழ்ந்தவள் நிமிரத் தெரியாமல் அழுதது. நீ இன்னும் பார்க்காத உன் மருமகள்தான் உன்னுடையதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மன்னித்துவிடு. அவளையும், அதைவிட என்னையும்.

அந்தப் பெட்டியை நான் ஏன் வாங்கினேன் என்று நீ கேட்டதே இல்லை. அப்பா அடக்கத்துக்கு மறுநாள் சட்டம் போட ஒரு படம் தேடினேன் இல்லையா? என் போனில் இடம் நிரம்பும்போதெல்லாம் அழித்து அழித்து, அப்பா படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. யாரோ ஒருவர் கல்யாணக் கூட்டத்தில் அப்பா இலை பார்த்துக் குனிந்திருந்த படத்தை வெட்டி எடுத்துத்தான் மாலை போட்டோம். இனி இந்த வீட்டில் யார் முகமும் தொலையக் கூடாது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

இணையத்தில் மாத வாடகைக்கு இடம் தருகிறார்கள், அல்லது சொந்தமாகப் பெட்டி வாங்கலாம் என்றார் முனியன். "நம்ம படம் நம்ம வூட்டுலயே இருக்கட்டும்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஒரு டிஸ்க் போட்டதா, இரண்டு டிஸ்க் போட்டதா என்று கேட்டபோது நான் ஒன்று போதும் என்றேன். அது முதல் தப்பு. ஒயர் வேண்டாம், வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் போனில் இருக்கிற படமெல்லாம் வைஃபையில் தானாக ஏறிக்கொள்ளும் என்று அவர் சொன்னதில் மயங்கிவிட்டேன். எல்லோர் போனிலும் அந்த ஆப்பைப் போட்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்த உன் போனிலும் போட்டேன். ஆளாளுக்குத் தனிப் பூட்டு போடாமல் விட்டது இரண்டாவது தப்பு. டிவிக்கு யார் படம், எதைக் காட்டலாம் என்று என்ன தெரியும்? பொங்கல், அனிட்டா வளைகாப்பு என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்து, அருவிக்கரையில் நீயும் அவரும் கைகோத்து நின்ற படத்தையும் காட்டியது. நான் ரிமோட்டைத் தேடினேன் அக்கா. சத்தியமாகத் தேடினேன். பெரியப்பா அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

பெட்டி இப்போது மாதா மேடையில் இருக்கிறது. அறைக்குள் வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரித்த பிறகு அம்மா விடவில்லை. வைஃபை டப்பாவையும் அதையும் சேர்த்து, முன் ஜன்னலோரம் மாதா காலடியில் வைத்துவிட்டாள். தினம் சாயந்திரம் ஜெபமாலை முடிந்ததும் வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெளிக்கிற தீர்த்தம் அதற்கும் உண்டு. நான் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கூரை மாதிரி மேலே கட்டி வைத்திருக்கிறேன்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் உன் பெயரிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.

அது என்ன என்று சொல்லமாட்டாயா? வேறு யாரிடமாவது இருக்கிறதா என்றாவது தேடிப் பார்க்கிறேன்.

தம்பி
டென்னிஸ்


சேராப்பட்டு
8.11.2025

டென்னிஸ்,

வேறு யாரிடமும் இல்லை. யாருக்கும் அனுப்பவில்லை. இனிமேல் சொல்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, அதனால் சொல்கிறேன்.

அது அப்பா.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். மாசமாக இருந்த அனிட்டாவை நீ டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தாய், அம்மா மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போயிருந்தாள். அன்றைக்கு ஜீவா அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தார். எங்கள் மலையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரிக்கு நோயாளியை இறக்கிவிட வந்தவர், அப்பாவைப் பார்க்க உள்ளே வந்தார். அப்பாவுக்கு அவரை முன்பே தெரியும். எனக்கும் அவருக்கும் என்ன என்பதையும் அப்பா கேட்காமலே தெரிந்துகொண்டிருந்தார். கஞ்சி சூடாக இருந்தது. ஒவ்வொரு கரண்டியையும் ஊதி ஊதிக் கொடுத்தார். நான் சும்மா போனில் பிடித்தேன்.

அப்பா சிரித்தார். "மாப்ள, நல்லாத்தான் ஊதறீங்க. நாளைக்கு எம்பொண்ணுக்கு ஒடம்பு முடியலன்னாலும் இப்புடியே ஊதிக் குடுக்கணும், தெரியுதா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஒங்கம்மாகிட்ட இப்ப வாயத் தொறக்காத. நான் வூட்டுக்கு வந்து நானே தெரசாகிட்ட பேசிக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தார். பேச முடிகிற நிலையில் வரவில்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்தது அப்பா சொன்னதால். துக்கம் ஆறட்டும், நானே அம்மாவுக்குத் தனியாகப் போட்டுக் காட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் உன் டிவி முந்திக்கொண்டது. அம்மா என்ன சொன்னாள் என்று நினைவிருக்கிறதா? "அப்பன் சாவக் கெடக்கும்போது நீ மலையில ஜோடி போட்டுக்கினு திரிஞ்சியா?" என்றாள். பெரியம்மா "கரும்பு வெட்டறவன் மவனாமே" என்றாள். அந்த நிமிஷம் வீடியோவை எடுத்துக் காட்டியிருக்கலாம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிற அப்பாவை, முறுக்கு தின்றுகொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் சாட்சிக்கு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா குரல் இல்லாமல் நான் சொன்னால் அம்மா நம்பமாட்டாள். அவள் சம்மதம் இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்று ஜீவாவும் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீடியோவை வைத்துத்தான் தைரியமாக இருந்தேன். இப்போது ஓடையில் போய்விட்டது.

நீ தேடியதற்கு நன்றி. மெழுகுவத்திக்கும் நன்றி. உன் மேல் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுசாகப் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

லிடியா


நைனார்பாளையம்
17.11.2025

அக்கா, அக்கா, அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

இருக்கிறது. அப்பா இருக்கிறார்.

வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் திட்டாதே. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அந்த ஒற்றை டிஸ்க் மேல் நம்பிக்கை போய்விட்டது. அது ஒருநாள் மண்டையைப் போட்டால் பாப்பாவும் போவாள், எல்லாமும் போகும். காப்பி என்றால் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இருந்தால் அது வெறும் ஒளித்து வைத்தல்தான் என்று முனியனும் சொன்னார். இரண்டு டிஸ்க் போட்ட பெட்டியை வாங்கினேன். ஒன்றில் ஏறுவது மற்றதிலும் தானாக ஏறும். பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும்போது அவர்தான் கேட்டார்: "இது யாரு போனு சார்? பேர் இல்லாம கம்பெனி பேரும் நம்பரும் மட்டும் போட்டுக்கினு ஒண்ணு கெடக்குது?"

நானும் என் போன், அனிட்டா போன், அம்மா போன் என்று எண்ணிப் பார்த்தேன். எதுவும் இல்லை. திறந்தால் சேராப்பட்டுச் சந்தை. தடுப்பூசிக்கு அழுகிற பிள்ளைகள். உன் செருப்பு. அவரைக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னேன். அவர் கடையிலிருந்து அவரையே வெளியே அனுப்பினேன்.

நான் அழித்தது பெட்டியில் உன் பெயரில் இருந்ததைத்தான். உன் போனில் இருந்த ஆப்பை நீயும் எடுக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு உள்ளே தூங்கியிருக்கிறது. வீட்டு வைஃபை கிடைத்ததும் விழித்து, பழைய படத்திலிருந்து ஒவ்வொன்றாக மறுபடியும் ஏற்றியிருக்கிறது. அப்பா வீடியோ முழுசாக வந்திருக்கிறது. அதற்குப் பிறகும் நிறைய வந்திருக்கிறது. கடைசியில் ஒரு படம் பாதியில் நின்றுவிட்டது. ஒரு ஓட்டு வீட்டுக் கூரை, அதன் கீழே ஒருவர் சிரிக்கிறார், சட்டைப் பை வரைக்கும்தான் இருக்கிறார். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அப்பா வீடியோவை அவர் முகம் தெரிகிற வரைக்கும்தான் பார்த்தேன். நிறுத்திவிட்டேன். அது உன்னுடையது. உன்னைக் கேட்காமல் ஒருமுறை ஊருக்கே காட்டியவன், இரண்டாம் முறை நானே தனியாகக்கூடப் பார்க்கக் கூடாது. அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. புதுப் பெட்டியில் உனக்குத் தனிப் பூட்டு போட்டு அதற்குள் வைத்திருக்கிறேன். டிவிக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. காட்டலாமா, வேண்டாமா என்று நீ சொல்.

இன்னொன்று கேட்க வேண்டும். இரண்டு நாளாகக் கேட்கலாமா என்று யோசித்து எழுதுகிறேன். அந்தப் படங்களெல்லாம் வந்து சேர்ந்த தேதி செப்டம்பர் பதினான்கு. அப்பாவின் முதல் வருஷப் பூசை. அன்றைக்கு நீ வரவில்லை என்று அம்மா நாள் முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்கென்று எடுத்து வைத்த பிரியாணியை ராத்திரிதான் வேலைக்காரிக்குக் கொடுத்தாள். எங்கள் வைஃபை முன் ஜன்னலைத் தாண்டி ரோடு வரைக்கும்தான் போகும்.

எங்கே நின்றாய் அக்கா?

டென்னிஸ்


சேராப்பட்டு
22.11.2025

தம்பி,

உன் கடிதத்தைத் தபாலாபீஸ் வாசலிலேயே படித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். வீட்டில் கெட்ட செய்தியா என்று கேட்டார்கள். இல்லை, எங்கப்பா கிடைத்துவிட்டார் என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நின்றது எதிர்ப்பக்கம், புளியமரத்துக்குக் கீழே. பூசையில் கோயிலின் கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன், நீங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்தேன். கேட்டில் கை வைத்தேன். வாசலில் பெரியம்மா வீட்டுச் செருப்பெல்லாம் கிடந்தது. அதைப் பார்த்ததும் கால் பின்னால் போய்விட்டது. அவர்கள் கிளம்பட்டும், பிறகு உள்ளே போகலாம் என்று மரத்தடியில் உட்கார்ந்தேன். அவர்கள் கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. பாப்பா அழுகிற சத்தம் கேட்டது. அம்மா "இன்னாடி ஆச்சி எஞ்செல்லத்துக்கு" என்று சமாதானம் பண்ணினாள். அதைக் கேட்டுக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. அம்மா எச்சில் இலை போட வெளியே வந்தாள். நான் எழுந்து மரத்துக்குப் பின்னால் போய், அப்படியே பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டேன். அந்த இடத்தில்தான் நீ சொன்ன படம் பாதியில் நின்றிருக்கும்.

வந்ததுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பஸ்ஸில் ஜீவாவிடம் போனில் அழுதுகொண்டே வந்தேன். நான் அழுத நேரத்துக்கு முன்னாலேயே என் போன் தன் வேலையை முடித்திருக்கிறது. அந்தப் பெட்டியை அறைக்குள் வைக்க விடாத அம்மாவுக்கும் மாதாவுக்கும் சேர்த்து ஸ்தோத்திரம். நீ அறைக்குள் வைத்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது.

அம்மாவுக்குக் காட்டு. நீயும் பார். டிவியில் வேண்டாம், சின்னத் திரையில், கதவைச் சாத்திக்கொண்டு. சொந்தக்காரர் யாராவது வந்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். பாதியில் நின்ற படத்தையும் காட்டு. அது மணலூர்பேட்டையில் ஜீவா வீட்டு வாசலில் எடுத்தது.

எனக்காக ஏதும் பேசாதே. அப்பா பேசிக்கொள்வார்.

அக்கா


நைனார்பாளையம்
30.11.2025

அக்கா,

இன்றைக்குத் திருவருகைக் கால முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் அனிட்டா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். நான் கதவைச் சாத்தினேன். "இன்னாடா பட்டப்பகல்ல கதவச் சாத்தற?" என்றாள் அம்மா. அக்கா ஒன்று அனுப்பியிருக்கிறது, பாரு என்றேன். "அவ இன்னாத்த அனுப்பினா எனக்கு இன்னா?" என்றாள். சொல்லிக்கொண்டே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அப்பா முகம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். ஜீவா கஞ்சியை ஊதுகிற இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நானே தெரசாகிட்ட பேசிக்கறேன்" என்று அப்பா சொன்னதும் ஓவென்று அழுதுவிட்டாள். மறுபடியும் போடச் சொன்னாள். போட்டேன். மறுபடியும். அந்த ஒரு இடத்தை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தேன். நானும் நன்றாக அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை.

கடைசியில் அம்மா திரையைப் பார்த்துச் சொன்னாள்: "பேசறேன் பேசறேன்னு சொல்லிட்டுப் பேசாமலே பூட்டியே மனுசா. சரி, இப்பவாவது சொன்னியே."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "எம்பொண்ண நான் இன்னா வார்த்த கேட்டேன்டா அன்னைக்கி" என்றாள். நீ புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். சொல்லாதே என்று நீ எழுதவில்லை. அம்மா எழுந்து போய் ஜன்னல் வழியாக அந்த மரத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இங்கதான குந்திக்கினு இருந்திருக்குது எங்கொழந்த. எலை போட வந்தேனே, எங்கண்ணு அவிஞ்சா பூட்டுது?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாயந்திரம் தானாகவே கேட்டாள்: "இன்னொரு படம் கீதுன்னியே?" காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். "பையன் நல்லாத்தான் சிரிக்கிறான். இன்னாடா, சட்டையோட நிக்குது? காலு எங்க?" அவ்வளவுதான் வந்தது, அக்கா கிளம்பிப் போனதால் பாதியில் நின்றுவிட்டது என்று விளக்கினேன். போனும் ஓடையில் போய்விட்டது, மீதியை எடுக்க வழியில்லை என்றேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"ஏன் வழியில்ல? மீதிய கிறிஸ்துமஸுக்கு நேர்ல கூட்டினு வரச் சொல்லி எழுதுடா" என்றாள்.

எழுதிவிட்டேன்.

பெரியம்மாவுக்கு இந்த வருஷம் அழைப்பு இல்லை, அடுத்த நாள் வந்தால் போதும் என்று அம்மா சொல்லிவிட்டாள். பெட்டிக்குத் தீர்த்தம் ஜாஸ்தியாகிவிட்டது. தட்டுக் கூரைக்கு மேல் இன்னொரு கூரை கட்டியிருக்கிறேன்.

டென்னிஸ்


சேராப்பட்டு
6.12.2025

அன்புத் தம்பிக்கு,

அம்மா சொன்ன வரியை ஜீவாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆம்புலன்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். உள்ளே நோயாளி யாரும் இல்லை, பயப்படாதே.

இந்த ஒரு வருஷமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நேற்று ராத்திரிதான் முழுசாகத் தூங்கினேன்.

புதுப் போன் வாங்கிவிட்டேன். அந்த ஆப்பை நீயே உன் கையால் போட்டுக் கொடு. பூட்டை மட்டும் நான் போட்டுக்கொள்கிறேன்.

அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடு, சமையலுக்குக் கணக்கு வேண்டும். அந்தப் படத்தின் வராத பாதியில் ஜீவாவின் கால் மட்டும் இல்லை. காலடியில் அவருடைய அம்மா இருசம்மாள் உட்கார்ந்திருந்தார். கரும்பு வெட்டப் போய்விட்டு அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தார், என்னைப் படம் எடுக்காதே, அழுக்குப் புடவை என்று திட்டிக்கொண்டிருந்தார். அவரும் வருகிறார். புதுப் புடவை எடுத்தாயிற்று.

இருபத்தைந்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறோம். இந்தத் தடவை புளியமரத்தடியில் உட்காரமாட்டேன். கேட்டைத் திறந்து வைத்திரு, பாப்பாவை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வா.

உன் அக்கா
லிடியா